செயலாளர் அறிக்கை 2024: யாழ்ப்பாண அலங்கார மீன் வளர்ப்பாளர்கள்

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழமைபோல நடந்தன. வெள்ளத்தால் நவம்பர் இறுதிக் கூட்டம் மட்டும் நடைபெறவில்லை. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் மீன் விலை விழுந்த விடயத்துக்கு வருகிறேன்.

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. இவ்வாண்டு மார்ச்சிலும் ஜூலையிலும் இறங்கியது. ஆனாலும் அன்று கழற்றி வைத்த காற்றுப் பம்பிகளைத் திரும்பப் பூட்டியவர்கள் சிலரே. ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமான பிறகு, மீன்குஞ்சுகளுக்குத் தீனியாகப் பொரிக்கவைக்கும் ஆர்டீமியா முட்டைத் தகரத்தை நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பங்குபோடுகிறோம். தீனிச் செலவை மிச்சம்பிடிக்க வாளியில் நுளம்புக் குடம்பி வளர்த்த அங்கத்தவரின் வீட்டுக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்துபோன கதை எல்லோருக்கும் தெரியும். டெங்கு பரவும் ஊரில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

ஆனால் மீன் விலைக்குப் பெரிய அடி எங்கள் தொட்டிகளிலிருந்தே வந்தது என்பது என் கணிப்பு. குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கல்லில் ஊறி வரும் கடின நீர். டிஸ்கஸ் மீனின் முட்டை அதில் பொரிப்பது அரிது. கப்பி மீனுக்கோ அதுவே தோதான நீர். ஆகவே எல்லோரும் கப்பியே வளர்க்கிறோம். தாய் மீனோ மாதம் ஒருமுறை குஞ்சு போடுகிறது. அல்பினோ ஃபுல் ரெட் என்ற சிவப்புக் கப்பிச் சோடியொன்றைக் கொழும்பு பஸ்ஸில் வரவழைத்த கோண்டாவில் அங்கத்தவர், முதல் ஈற்றை நல்ல விலைக்கு விற்றார். வாங்கியவர்களும் குஞ்சு எடுத்தார்கள். ஆண்டு முடியுமுன் அதே மீனைச் சோடி சோடியாக அல்ல, பை பையாக மலிவாகத் தரும்படி கடைக்காரர் கேட்டார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த ரொறன்ரோ உறவினர் ஒருவர் ஓகஸ்ட் கூட்டத்தில் பேசினார். அங்கே அவர் வளர்ப்பது மலைப்பாம்பு. போல் பைதன் என்ற அந்த வகையின் அபூர்வ நிறக் குட்டிகள் ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கான டொலருக்குப் போயினவாம். வாங்கியவர்கள் எல்லோரும் வளர்ப்பாளர்களாகிவிட, இன்று கிடைக்கும் விலை தீனியாகப் போடும் உறைந்த எலிகளுக்கே கட்டாதாம். ஒரு ஈட்டில் ஐந்தாறு முட்டை இடும் பாம்புக்கே அந்தக் கதியென்றால் கப்பிக்கு என்ன கதி? “நட்சத்திர ஆமை வளர்த்தால் விலை விழாதுதானே, அண்ணை?” என்று இளைய அங்கத்தவர் ஒருவர் கேட்டார். அது நாட்டின் சட்டம் பாதுகாக்கும் விலங்கு. 2019 முதல் அதன் சர்வதேச வணிகமும் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அந்தக் கேள்வியைக் கூட்டக் குறிப்பில் நான் பதியவில்லை.

அடிமட்ட விலை நிர்ணயிக்கும் பிரேரணை தோற்றது. நானும் எதிர்த்தே வாக்களித்தேன். மாத முடிவில் கையில் காசில்லாதவர் எப்படியும் குறைத்துத்தான் விற்பார். அவரைக் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை.

மிஞ்சும் சாதாரணக் கப்பிகளைக் குடம்பி ஒழிக்க வீட்டுக் கிணறுகளுக்குக் கேட்பவர்களிடம் இலவசமாகக் கொடுக்கலாம். குளத்திலோ வாய்க்காலிலோ எவரும் கொட்ட வேண்டாம்.

புதிய வகையொன்றைக் கொண்டுவருபவருக்கு முதல் ஆறு மாதங்கள் அதை மற்றவர்கள் விற்பனைக்குப் பெருக்காமல் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். சந்தா நிலுவை உள்ளவர்கள் வாக்களிக்குமுன் பொருளாளரைச் சந்திக்கவும்.

செயலாளர்
யாழ்ப்பாணம்