கொரோனரிடம் உடல் ஏன் காத்திருக்கிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கலிபோர்னியாவில் இறந்தவரின் தகனம், உடலையோ அஸ்தியையோ ஊருக்கு அனுப்புவது என்று எங்களிடம் பொறுப்பை ஒப்படைக்கும் குடும்பங்கள் முதலில் கேட்பது, "பாடி எப்போது கிடைக்கும்?" என்றுதான். கொரோனர், அதாவது சந்தேகத்துக்குரிய அல்லது திடீர் மரணங்களின் காரணத்தை விசாரிக்கும் அரசு அதிகாரி, அவரது விசாரணைக்குப் போன மரணம் என்றால் எங்களால் உடனே பதில் சொல்ல முடிவதில்லை. நாங்கள்தான் இழுத்தடிக்கிறோம் என்று சிலருக்கு வருத்தமும் இருக்கிறது. தாமதத்துக்கு என்ன காரணம் என்று இங்கே எழுதுகிறோம். துக்க வீட்டில் இதையெல்லாம் நின்று விளக்க முடியாது.

தமிழ்நாட்டில் போலீஸ் விசாரணை முடிந்ததும் அரசு மருத்துவமனையில் அங்கேயே பணியில் இருக்கும் டாக்டர் போஸ்ட்மார்ட்டம் செய்துவிடுவார். பெரும்பாலும் அன்றோ மறுநாளோ உடலை வாங்கிவிடலாம். கலிபோர்னியாவின் 58 கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) பெரும்பாலானவற்றில் கொரோனர் என்பவர் தேர்தலில் ஜெயித்து வந்த ஷெரீப், அதாவது அந்தக் கவுண்டியின் போலீஸ் தலைவர். அவர் டாக்டராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ போன்ற இடங்களில் மருத்துவர் தலைமையில் தனி அலுவலகமே உண்டு. சிறிய கவுண்டிகளுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் 2017 முதல் அமலில் உள்ள மாநிலச் சட்டப்படி பிரேதப் பரிசோதனையை உரிமம் பெற்ற மருத்துவர்தான் செய்ய வேண்டும். எனவே அந்தக் கவுண்டிகள் வெளியிலிருந்து ஒரு தடயவியல் நோயியல் மருத்துவரையோ (உடலை ஆராய்ந்து இறப்பின் காரணத்தைக் கண்டறியும் சிறப்பு மருத்துவர்), அப்படிச் சிலர் சேர்ந்து நடத்தும் குழுவையோ ஒப்பந்தத்தில் அமர்த்துகின்றன.

இந்த ஒப்பந்தங்களில் பலவும் ஓர் உடலுக்கு இவ்வளவு என்று கூலி பேசியவை. முழுப் பரிசோதனைக்கு ஒரு தொகை, உடலைத் திறக்காமல் வெளியே மட்டும் பார்ப்பதற்கு அதைவிடக் குறைவு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லத் தனிக் கட்டணம். டாக்டர் கவுண்டி பிணவறைக்கு வருவாரா, உடலை வேறு கவுண்டிக்குக் கொண்டுபோக வேண்டுமா, அவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பார், அறிக்கை எத்தனை நாளில் வரவேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும் டாக்டர் வரும் கவுண்டியில் வெள்ளிக்கிழமை மாலை ஒருவர் இறந்தால், திங்கள் வரை எதுவும் நகராது. அந்த அலுவலகத்துக்கு நாங்கள் பத்து முறை போன் செய்தாலும் அப்படித்தான்.

பணம் கொடுத்து இன்னொரு டாக்டரை அழைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். ஆளே இல்லை. அமெரிக்கா முழுக்க இந்த வேலையை முழுநேரமாகச் செய்பவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. நோயியல் முடித்தவர் மேலும் ஒரு வருடம் பயிற்சி பெற்றுவிட்டு, மருத்துவமனையில் கிடைப்பதைவிடக் குறைந்த சம்பளத்துக்கு இங்கே வர வேண்டும். யார் வருவார்கள்? ஒருவர் வருடத்துக்கு 250 பரிசோதனைக்கு மேல் செய்யாமல் இருப்பது நல்லது, 325-ஐத் தாண்டவே கூடாது என்பது இவர்களது தேசியச் சங்கத்தின் அளவுகோல். அவசரப்படுத்தினால் தவறு நடக்கும் வேலை என்பதால் அந்த வரம்பு எங்களுக்கு நியாயமாகவே படுகிறது.

ஷெரீபின் கீழ் டாக்டர் வேலை செய்வதில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. 2017 இறுதியில் சான் வாக்கீன் கவுண்டியில் பிரேதப் பரிசோதனை செய்துவந்த டாக்டர் பென்னட் ஓமாலுவும் அவருடன் பணியாற்றிய இன்னொரு டாக்டரும், போலீஸ் தொடர்பான மரணங்களில் ஷெரீப் தலையிடுகிறார் என்று சொல்லி விலகினார்கள். ஷெரீப் மறுத்தார். மறு வருடமே கவுண்டி நிர்வாகம் மருத்துவர் தலைமையில் தனி அலுவலகம் அமைக்க முடிவு செய்தது. மற்ற கவுண்டிகளும் அப்படி மாறினால் நல்லது என்பது எங்கள் எண்ணம். செலவைக் கண்டு பல கவுண்டிகள் தயங்குகின்றன.

சரி, உங்கள் கையில் என்ன இருக்கிறது? நாங்கள் அடிக்கடி பார்ப்பது, பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்த அப்பாவோ அம்மாவோ தூக்கத்திலேயே இறந்துபோவது. இறப்பதற்கு முந்தைய 20 நாட்களில் மருத்துவர் யாரும் பார்த்திருக்கவில்லை என்றால் கொரோனருக்குத் தகவல் போயே ஆக வேண்டும் என்பது சட்டம். அந்த நேரத்தில் ஊர் டாக்டரின் பழைய சீட்டுகள், ஈசிஜி, சாப்பிட்டுவந்த மாத்திரைகள் எல்லாம் விசாரணை அதிகாரியின் கையில் இருந்தால், உடலைத் திறக்காமலே முடித்துவிட வாய்ப்பு அதிகம். ஆகவே பெற்றோர் வரும்போதே அந்த பைலையும் எடுத்துவரச் சொல்லுங்கள். ஒரு நகலை போனிலும் வைத்திருங்கள்.

மத நம்பிக்கை காரணமாகப் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்பவர்கள், உயிரோடு இருக்கும்போதே இரண்டு சாட்சிகளுடன் கையெழுத்திட்டு ஒரு சான்று எழுதி வைக்கலாம். கலிபோர்னியச் சட்டம் அதை ஏற்கிறது. குற்றச் சந்தேகமோ தொற்றுநோய் அச்சமோ இருந்தால் அது செல்லாது. இறந்தபிறகு குடும்பத்தார் வாய்மொழியாகச் சொல்லும் மறுப்புக்கு அந்தச் சட்ட பலம் கிடையாது.

பரிசோதனை முடிந்ததும் உடலைப் பொதுவாகக் கொடுத்துவிடுவார்கள். ரத்தப் பரிசோதனை வெளி லேபுக்குப் போய்த் திரும்ப வாரங்கள் ஆகலாம், சில நேரம் மாதங்களும். அதுவரை இறப்புச் சான்றிதழில் காரணம் என்ற இடத்தில் 'நிலுவையில்' என்று இருக்கும். தகனத்துக்கு அது தடையில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி மட்டும் திருத்திய சான்றிதழுக்காகக் காத்திருக்கச் சொல்லலாம். உடலை இந்தியாவுக்கு அனுப்புவதாக இருந்தால் எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது) சான்றிதழ், தொற்றுநோய் இல்லை என்ற கடிதம், இறந்தவரின் பாஸ்போர்ட் ஆகியவையும் தூதரகத்துக்கு வேண்டும். பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வைப்பதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

பிரேதப் பரிசோதனைக்குக் குடும்பத்திடம் கட்டணம் கிடையாது. உடலை எடுத்துச் சென்ற செலவைச் சில கவுண்டிகள் கேட்கும். அப்படிக் கேட்டால் அந்த ரசீதை அப்படியே உங்களிடம் தருவோம். கொரோனரிடம் காத்திருக்கும் நாட்களுக்கு நாங்கள் எதுவும் வசூலிப்பதில்லை.

இனி கொரோனர் உடலை விடுவித்துவிட்டார் என்ற தகவல் எங்களுக்கு வந்தபிறகே தகன நேரத்தையும் விமான முன்பதிவையும் உறுதி செய்வோம். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்கு அதற்குமுன் டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தால் தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக எடுங்கள். எடுக்கும் முன் எங்களுக்கு ஒரு போன் செய்தால், அந்தக் கவுண்டிக்கு டாக்டர் எந்தெந்த நாட்களில் வருகிறார் என்று விசாரித்துச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
அலுவலகத்தார்