அடுத்த வருகை எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தனித்து வாழும் முதியோரைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அவர்களுக்கு ஆறுதல் தேவை, பொழுதுபோக்கு தேவை என்றே சொல்லி வருகிறோம். எதிர்பார்த்துக் காத்திருக்க ஒரு நாளும், அது தவறாமல் வரும் என்ற உறுதியும் அவற்றைவிட முதன்மையானவை என்பது என் கருத்து.

2020 ஊரடங்கின்போது ஏப்ரல் 14 வரை என்றார்கள். பிறகு அது மே 3, மே 17, மே 31 என்று தள்ளிக்கொண்டே போயிற்று. நோயின் போக்கு யாருக்கும் பிடிபடாத நிலையில் அதைக் குறை சொல்வதற்கில்லை என்றாலும், வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெரியவர்கள் ஒரு கட்டத்தில் "எப்போது முடியும்?" என்று கேட்பதையே விட்டுவிட்டார்கள். அதே வாரங்களில் மதுரையில் ஒரு தேதி மட்டும் அசையாமல் நின்றது. சித்திரைத் திருவிழா நடைபெறாத அந்த ஆண்டிலும், மே 4 அன்று மீனாட்சி திருக்கல்யாணம் பக்தர்கள் இன்றி நடந்து நேரலையில் காட்டப்பட்டது. எங்கள் தெருவில் முதல் நாளே வாசல்களில் பெரிய கோலம் விழுந்தது. சுமங்கலிப் பெண்கள் முகூர்த்த வேளையில் தொலைக்காட்சி முன் அமர்ந்து புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார்கள். அந்த ஒரு நாளுக்கான ஏற்பாடுகளிலேயே அதற்கு முந்தைய வாரம் முழுவதும் கலகலப்பாகக் கழிந்தது.

இன்றும் அதைக் காண்கிறேன். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டம், முதியோர் வீட்டுக்கே ரேஷன் பொருள்களைக் கொண்டுசெல்ல மாதத்தின் இரண்டாம் சனி, ஞாயிறு என்று நாள் குறித்தே அறிவிக்கப்பட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் என் பக்கத்து வீட்டு அம்மா அதற்கு முன்பே பைகளைத் துவைத்துக் காய வைத்து, குடும்ப அட்டையை எடுத்து வைத்து, வருகிறவர்களுக்கென்று மோரும் கரைத்து வைத்துவிடுகிறார். அரிசியும் சர்க்கரையும் அவருக்கு இரண்டாம்பட்சம்தான்.

2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ஊழியர்கள், விடைபெறும்போது அடுத்த வருகைத் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுக்கவும், அது மாறினால் முதல் நாளே தொலைபேசியில் தெரிவிக்கவும் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். நூலக வாசகர் வட்டங்களும் மாதம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, நடமாட இயலாத உறுப்பினர்களின் வீட்டுக்குப் புத்தகம் கொண்டுசெல்ல முன்வரலாம். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளும் "நேரம் கிடைக்கும்போது கூப்பிடுகிறேன்" என்று சொல்லாமல், ஞாயிறு காலை 8 மணி என்று சொல்லி, அந்த நேரத்தில் தவறாமல் அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.