பனி உருண்டையின் விட்டம்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அக்கா,

கதாபாத்திரங்களை வலிமைப்படி வரிசைப்படுத்தும் நம் பவர் பட்டியலிலிருந்து நான் போட்ட கணக்குகளை எடுத்துவிடுகிறேன். முடிவு செய்து சில நாளாகிறது. ஏன் என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள் என்பது தெரிந்ததுதான். ஆனால் அந்த விடியற்காலைக் காட்சியைப் பற்றிப் பேசாமல் போக மனம் வரவில்லை.

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' அனிமேஷன் தொடர், முதல் சீசன் முடிவு, வடதுருவத்துக் குளக்கரை. இரவில், நீரை ஆளும் கட்டாராவின் கை ஓங்கியிருக்கிறது. நெருப்பை ஆளும் ஃபயர்பெண்டரான சூகோவைப் பனிக்குள் அடைத்துவிடுகிறாள். சூரியன் எழுந்ததும் அவன் உடைத்துக்கொண்டு வந்து அவளை வீழ்த்துகிறான். நிலவு அவளுக்கு, சூரியன் தனக்கு என்று அவனே சொல்லியும் விடுகிறான். அதே இருவர், அதே இடம். மாறியது நேரம் மட்டும்.

நாம் என்ன செய்தோம்? கட்டாராவின் பலத்தை எண்ணாக்க, சூகோவை அடைத்த பனி உருண்டையை அளக்க உட்கார்ந்தோம். சூகோவின் உயரத்தை அளவுகோலாக வைத்து பிக்சல் எண்ணி, விட்டம் 2 மீட்டர் என்றீர்கள். கன அளவு 4.19 கனமீட்டர், பனியின் அடர்த்தி கனமீட்டருக்கு 917 கிலோ என்று வைத்தால் சுமார் 3,840 கிலோ. ஒரு கிலோ பனியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். மொத்தம் 1.28 கிகாஜூல், அதாவது 0.31 டன் டிஎன்டி வெடிமருந்தின் ஆற்றல். நான் 2.4 மீட்டர் என்றேன். விட்டத்தில் 20 சதவீதம்தான் கூடுதல். ஆனால் கன அளவில் அது 1.2 × 1.2 × 1.2 என்று ஏறும். 2.22 கிகாஜூல், 0.53 டன். ஏறக்குறைய முக்கால் பங்கு அதிகம். ஆள் நிற்பது உருண்டையின் நடுவில், நாம் கோடு போட்டது முன் விளிம்பில், கேமராவும் சாய்வு. இரண்டு எண்ணுக்குமே காலில்லை.

என் எண் ஏன் பெரிது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். கட்டாரா மேலே வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மங்கலான ஃப்ரேமைத் தேர்ந்தெடுத்தேன். அதைச் சொல்லாமல் உங்கள் எண்ணைத் தப்பு என்று எல்லார் முன்னிலும் எழுதினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா.

ஆனால் உங்கள் கணக்கும் சரியில்லை. நீரைப் பனியாக உறைய வைக்க வெளியே போன வெப்பம், கட்டாராவின் அடியின் பலம் ஆகாது. சூகோ பனியை உடைத்தான். உடைப்பதற்கு முழுவதையும் உருக்க வேண்டியதே இல்லை, அதில் சிறு பங்கு போதும். இதை நான் சொன்னபோது நீங்கள் பதில் எழுதவில்லை. அதன்பின் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதமாட்டேன், பலர் படிக்கும் இடம். அந்த எண்ணை எடுத்துக்கொண்டுபோய் அதன்மேல் இன்னொரு எண்ணை அடுக்கியவர்களைப் பற்றியும் பேச்சு வேண்டாம்.

உங்களிடம்தான் கற்றேன், ஒரு ஃபீட்டை, அதாவது பாத்திரம் செய்துகாட்டும் சாகசத்தை, கணக்குக்கு எடுக்கும்முன் பார்க்க வேண்டியவற்றை. கையருகே நீர் எவ்வளவு: குளக்கரைக் கட்டாராவும், பாலைவனத்தில் தோல்பைத் தண்ணீரோடு நிற்கும் கட்டாராவும் ஒரே வரிசையில் வரமுடியாது. காலடியில் என்ன: காலால் தரையின் அதிர்வை உணர்ந்தே 'பார்க்கும்' டோஃபுக்குப் பாறையில் எல்லாம் தெரியும், மணலில் உருவம் மங்கிவிடும். வானத்தில் என்ன: சூரிய கிரகணத்தின் 8 நிமிடம் ஃபயர்பெண்டருக்கு நெருப்பே கிடையாது. மின்னலைத் தவிர்த்தவர்களை மின்னலைவிட வேகம் என்று எழுதக்கூடாது என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். நிஜ மின்னலில் தரையை நோக்கிப் படிப்படியாக இறங்கும் கீற்றே நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். 10 மீட்டரை நொடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கில் கடந்துவிடும். சூகோவின் தங்கை அசூலா விரல்களைச் சுழற்றி மின்னலைத் திரட்டும்போதே எதிராளி நகர்கிறான், அவ்வளவுதான்.

இத்தனையும் சொல்லிக்கொடுத்துவிட்டு, 2008-இல் வந்த இறுதிச் சண்டையை வைத்து நீங்களே சங்கிலி போட்டீர்களே. கட்டாரா அசூலாவை வென்றாள், அசூலா இன்னாரை வென்றாள், ஆகவே கட்டாரா எல்லாருக்கும் மேல். அதுவும் என் 2.4-ஐயே ஆதாரமாகக் காட்டி! அங்கே நடந்ததைப் பாருங்கள். வால்மீனால் அசூலாவின் நெருப்பு பெருகியிருக்கிறது, மனமோ சிதறியிருக்கிறது. கட்டாரா அவளைக் கீழே நீரோடும் கம்பி வலைமேல் வரவழைக்கிறாள். தன்னையும் சேர்த்தே உறைய வைக்கிறாள். தன்னைச் சுற்றி மட்டும் பனியைத் தளர்த்தி நகர்ந்து, சங்கிலியால் அசூலாவின் கைகளைக் கட்டிவிடுகிறாள். இதில் டன் கணக்கு எங்கே இருக்கிறது? கம்பி வலையும் நீரும் இல்லாத முற்றத்தில் இதே முடிவை எழுத உங்கள் கை வருமா?

அதனால்தான் ஒரே வரிசையிலான பட்டியலில் என் பெயர் வேண்டாம் என்கிறேன். ஒவ்வொரு சண்டைக்கும் நேரம், இடம், நீர், மனநிலை என்று நான்கு கட்டம் போட்டுத் தனியாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். பனி உருண்டைக்கு எதிரே 2.4-ஐ அடித்துவிட்டு "அளக்க முடியாது" என்று போட்டேன். உங்கள் 2 மீட்டர் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை அழிப்பதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.