ஊசி போட ஆரம்பிச்சுட்டேன் செல்வா

அன்புள்ள செல்வாவுக்கு அம்மா எழுதறது.

நீயும் அனிதாவும் குட்டியும் நல்லா இருக்கீங்கன்னு நெனைக்கறேன். எதிர்வீட்டுப் பையன் வெள்ளிக்கிழமை மஸ்கட்டுக்குக் கிளம்பறான். அவன் கையில நெத்திலிக் கருவாடும் குழம்பு மிளகாத்தூளும் கொடுத்து அனுப்பறேன், அதோட இந்தக் கடுதாசியும். போன்ல சொல்லலாம்னா நீ எங்க பேச விடற? "சக்கரைக்கும் எடைக்கும் ஊசி போட ஆரம்பிச்சுட்டேன்டா"ன்னு ஒரு வார்த்தை சொன்னேன், கத்த ஆரம்பிச்சிட்ட. கடைசியில "உன் இஷ்டம்"னு வச்சுட்ட. என் இஷ்டந்தான். ஏன்னு உக்காந்து எழுதறேன், நீயும் உக்காந்து படி. பாதியில அனிதாகிட்ட தூக்கிக் கொடுத்துடாத.

போன்ல நீ சொன்ன அந்தப் பல்லி வீடியோவ மொதல்ல முடிச்சிடறேன். "பல்லி விஷத்தை உடம்புல ஏத்திக்கறியா"ன்னு கேட்ட இல்ல? அமெரிக்கா, மெக்சிகோ பக்கம் கிலா மான்ஸ்டர்னு ஒரு பெரிய பல்லி இருக்கறது நெஜம். அதோட எச்சில்ல இருந்த ஒரு பொருளைப் பார்த்து எக்ஸெனடைடுன்னு ஒரு மருந்து செஞ்சாங்க, 2005ல அமெரிக்காவுல அதுக்கு அனுமதி கெடைச்சுது. நான் போட்டுக்கறது அது இல்ல, செமாக்ளூடைட். நம்ம குடல்லயே ஊறற ஜி.எல்.பி-1ங்கற ஹார்மோனைப் பார்த்து செஞ்சது. சாப்பாடு உள்ள போனதும் குடல் அதை விடும். கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும், இரைப்பையை மெதுவா காலியாக்கும், மூளைக்குப் போதும்னு தகவல் அனுப்பும். நம்ம உடம்புல ஊறறது ரெண்டு மூணு நிமிஷத்துல காணாமப் போயிடும். ஊசியில இருக்கறது ஒரு வாரம் தங்கற மாதிரி மாத்தி செஞ்சிருக்காங்க. அதான் வாரத்துக்கு ஒரு தடவை. நான் உங்கப்பா இருந்தப்பலேர்ந்து டி.எச். ரோட்டு மெடிக்கல் கவுன்ட்டர்ல நிக்கறவடா. பெட்டிக்குள்ள மடிச்சு வச்சிருக்கற தாளை வாங்கறவங்க தூக்கிப் போட்டுடுவாங்க. நான் எடுத்துப் படிப்பேன்.

"சாப்பாட்டைக் கொறச்சா போதாதா"ன்னு கேட்ட பாரு, அதுதான் சுருக்குன்னு இருந்துச்சு. கொறைக்காமலா இருந்தேன்? ராத்திரி சோத்தை விட்டேன். கோதுமை ரவை, கேழ்வரகு, ஓட்ஸுன்னு நீங்க சொன்ன எல்லாத்தையும் தின்னேன். சர்க்கரை இல்லாத டீ எனக்கு இப்ப பழக்கமே ஆயிடுச்சு. ஆனா பதினோரு மணிக்குக் கடையில மருந்து எடுத்துக் கொடுத்துட்டு இருக்கும்போதே எதிர்ல வாணலி ஏத்தற சத்தம் கேட்டா, கை மாத்திரையை எண்ணும், மனசு மெதுவடையை எண்ணும். அது பசி இல்ல. பசின்னா என்னன்னு எனக்குத் தெரியும், ஒரு சம்பளத்துல எட்டு வயிறு இருந்த வீட்டுல பொறந்தவ நான். இது வயிறு நெறைஞ்சு இருக்கும்போதே அடுத்தது என்னன்னு உள்ள ஓடிட்டே இருக்கற நெனைப்பு. வாயைக் கட்டறேன் வாயைக் கட்டறேன்னு அதோட மல்லுக்கட்டறதுலயே பாதி நாள் போயிடும். ராத்திரி பத்து மணிக்கு அது ஜெயிச்சிடும்.

ஊசி போட்ட ரெண்டாவது வாரமோ என்னமோ, உன் சித்தியும் அவ பொண்ணும் என்னை பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அதான் அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிடக் கூட்டிட்டுப் போனாங்க. உனக்கும் அந்தக் கடை தெரியும், பர்மா பஜாருக்கு எதிர்ல. எப்பவும் ஒரு பிளேட் அத்தோ, அப்புறம் வெங்காயம் அடைச்ச முட்டை, அப்புறம் உன் சித்தி பிளேட்ல மிச்சம் இருக்கற பேஜோ, எல்லாம் என் கணக்குலதான். அன்னைக்குப் பாதி பிளேட்ல கை தானா நின்னுச்சு. ருசி போகலடா, புளித்தண்ணியும் வறுத்த பூண்டும் அதே ருசிதான். போதும்னு தோணுச்சு, அவ்வளவுதான். வாழைத்தண்டு சூப்பை மட்டும் குடிச்சிட்டு பிளேட்டைப் பொண்ணுகிட்ட நகத்திட்டேன். உன் சித்தி என் நெத்தியில கையை வச்சு ஜுரமான்னு பாத்தா.

நானா மெடிக்கல்ல இருந்து எடுத்துக் குத்திக்கலேங்கறதையும் தெரிஞ்சுக்க. நம்ம சுகர் டாக்டர்தான் எழுதிக் கொடுத்தாரு. மூணு மாசச் சக்கரை (எச்.பி.ஏ1சி) 9.1, அஞ்சடி உசரத்துக்கு 84 கிலோ. ரெண்டு மாத்திரையிலயும் இறங்க மாட்டேங்குது, அடுத்தது இன்சுலின் இல்லன்னா இதுன்னாரு. எழுதறதுக்கு முன்னாடி ஒரு வக்கீல் மாதிரி கேள்வி. வீட்டுல யாருக்காவது தைராய்டு கேன்சர் வந்திருக்கா (அதுல மெடுல்லரின்னு ஒரு வகை இருக்காம், அது குடும்பத்துல இருந்தா இந்த ஊசி கிட்டவே வரக் கூடாது), கணையம் வீங்கினது உண்டா, பித்தப்பையில கல் உண்டா. அப்புறம் கிட்னிக்காகக் கிரியாட்டினின் பார்க்கச் சொன்னாரு. கண்ணுல சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பாத்துட்டு வந்தாதான் ஆச்சுன்னுட்டாரு. ஏற்கனவே விழித்திரை கெட்டிருந்தா, சக்கரை கிடுகிடுன்னு இறங்கறப்ப அது கொஞ்ச நாளைக்கு இன்னும் மோசமாகலாமாம். எனக்குக் கண்ணு தப்பிச்சுது. அன்னைக்கு மத்தியானம் பூரா எல்லாம் கலங்கலா தெரிஞ்சு, மெட்ரோவுல தண்டையார்பேட்டையில இறங்கறதுக்குப் பதிலா ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கினேன்.

மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கு வந்து கொடுக்கற மெட்ஃபார்மினும் பிரஷர் மாத்திரையும் அப்படியே ஓடுது. கிளிமிபிரைடுங்கற இன்னொரு சக்கரை மாத்திரையை மட்டும் பாதியாக்கிட்டாரு. இந்த ஊசி தனியா இருந்தா சக்கரையை ரொம்பக் கீழ இறக்காது, ஏறி இருக்கறப்பதான் இன்சுலினைத் தூண்டும். கிளிமிபிரைடு அப்படி இல்ல, சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் தள்ளிட்டே இருக்கும். ரெண்டும் சேர்ந்து, நானும் பாதி சாப்பாடு சாப்பிட்டா, லோ சுகர் ஆகி ரோட்டுல வேர்த்து விழுந்துடுவேன். கைப்பையில குளுக்கோஸ் பாக்கெட் வச்சிருக்கேன். இந்த விஷயத்தை நீ போன்ல கேட்டிருந்தா சந்தோஷப்பட்டிருப்பேன். நீ பல்லியைக் கேட்ட.

தொந்தரவு இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். மொத நாலு வாரம் 0.25 மில்லிகிராம், அது சக்கரைக்கோ எடைக்கோ கூட இல்ல, வயிறு பழகறதுக்கு. அப்பவே குமட்டல். புதன்கிழமை ராத்திரி போட்டா வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் எண்ணெய் வாசனையே ஆகாது. அதுக்காகத்தான் புதன்னு வச்சேன், ஞாயித்துக்கிழமை மீனுக்குள்ள வயிறு சரியாயிடும். 0.5 ஏத்தினப்ப ஒரு தடவை வாந்தி. மலச்சிக்கல் இன்னும் இருக்கு, கீரையும் தண்ணியுமா ஓட்டறேன். தாங்க முடியாத வயித்து வலி வந்து முதுகுக்குப் பரவினா, காலையில பாத்துக்கலாம்னு படுத்துடக் கூடாது, ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு டாக்டர் சொல்லி அனுப்பினாரு. உன் சித்திகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.

குத்தறது ஒண்ணுமே இல்ல. பேனா மாதிரி இருக்கும். புது ஊசியை மாட்டி, 0.5 வர வரைக்கும் திருகி, தொப்புள்ல இருந்து ரெண்டு விரல் தள்ளி வச்சு அழுத்தணும். கட்டத்துல 0 வந்த பிறகும் ஆறு எண்ணிட்டுத்தான் எடுக்கணும், இல்லன்னா மருந்து சொட்டிடும். கழட்டின ஊசியைக் குப்பையில போடறதில்ல. குப்பை அள்ற பொண்ணு வெறும் கையாலதான் பிரிக்குது. பினாயில் பாட்டில் ஒண்ணுல சேத்து வச்சு ஆஸ்பத்திரி பக்கம் போறப்ப கொடுத்துடறேன். கஷ்டம் ஃப்ரிட்ஜுதான். பிரிக்காத பேனா ரெண்டுல இருந்து எட்டு டிகிரிக்குள்ள இருக்கணும், உறையவும் கூடாது. நம்ம ஃப்ரிட்ஜுல மேல ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல வச்சா உறைஞ்சிடும், அதனால காய்கறித் தட்டுக்கு மேல வச்சு, மாவுச் சட்டியைச் சின்னதா மாத்திட்டேன். பிரிச்ச பேனாவை 30 டிகிரிக்குள்ள வெளியில வைக்கலாம்னு போட்டிருக்கான். மே மாசம் நம்ம மாடி ரூம்ல 30 டிகிரி! அதுவும் உள்ளதான் இருக்கு. கரண்ட் போனா ஃப்ரிட்ஜைத் திறக்கறதே இல்ல.

காசு அனுப்பறேன்னு சொல்லாத. 2025 மார்ச்சுல மவுஞ்சாரோன்னு இதே மாதிரி இன்னொரு ஊசி வந்தப்ப ஒரு வாரத்துக் குப்பி 3,500 ரூபா, அடுத்த அளவு 4,375. மாசத்துக்கு 14,000க்கு மேல. கவுன்ட்டர்ல நின்னு விலையைக் கேட்டுட்டு சீட்டை மடிச்சுப் பாக்கெட்ல போட்டுட்டுப் போனவங்கதான் நெறைய. அது வேற மருந்து, டிர்செபடைடு. இந்த செமாக்ளூடைடுக்கு நம்ம நாட்டுல காப்புரிமை 2026 மார்ச்சுல முடிஞ்சுது, மத்த கம்பெனிகளும் செய்ய ஆரம்பிச்சு விலை இறங்குச்சு, அப்புறந்தான் டாக்டர் எனக்கு எழுதினதே. நான் வாங்கறது அதுல பாதிகூட ஆகல. என் சீட்டுப் பணத்துல இருந்து எடுக்கறேன். குட்டி ஸ்கூல் ஃபீஸ்ல கை வைக்காத.

விட்டா திரும்ப வெயிட் போடும்னு சொன்ன, அது சரிதான். செமாக்ளூடைடை நிறுத்தினவங்களை ஒரு வருஷம் பாத்திருக்காங்க, கொறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்திருக்கு. ஆனா பிரஷர் மாத்திரையை விட்டாலும் பிரஷர் ஏறத்தானே செய்யுது? அதுக்காக யாரும் மாத்திரை போடாதன்னு சொல்றதில்ல. இன்சுலின் போட்டுக்கறவளை யாரும் குறுக்கு வழியில போறான்னு சொல்றதில்ல. இந்த ஊசிக்கு மட்டும் தெருவுல ஆளுக்கொரு தீர்ப்பு. குண்டா இருந்தப்ப "வாயைக் கட்ட மாட்டேங்கறா"ன்னாங்க, இப்ப "மூஞ்சி ஒட்டிப் போச்சே, என்னக்கா உடம்புக்கு"ங்கறாங்க. நான் மறைக்கறதில்ல, ஊசின்னே சொல்லிடறேன். கொழுப்போட சேர்ந்து சதையும் கரையுமாம், அதனால தெனம் ரெண்டு முட்டை, இல்லன்னா ஒரு கிண்ணம் பயறு, ஞாயிறு காசிமேட்டு மீனு. சாயங்காலம் ஒரு நடை. 84 இப்ப 78. மூணு மாசச் சக்கரை 7.4. எம்.சி. ரோட்டுல தைச்ச ஜாக்கெட் எல்லாம் பிடிக்கக் கொடுத்திருக்கேன்.

ஆனா கல்யாணத்துக்கு ஒரு மாசம் இருக்கு, அஞ்சு கிலோ கொறையணும்னு டாக்டர் சீட்டு இல்லாம வந்து கேக்கற பசங்களுக்கு நான் எடுத்துக் கொடுக்கறதில்ல. கெஞ்சுவாங்க, வேற கடை இருக்குன்னு முறைப்பாங்க. போகட்டும்.

இதை ஏன் சொல்றேன்னா, உன் ஆபீஸ்ல யாரோ ஜிம்முல இருந்து பேனா வாங்கிப் போட்டுக்கறான்னு அனிதா சொன்னா. நீ அந்தப் பக்கம் போகாத. மத்ரா கடற்கரையில எடுத்த போட்டோ பாத்தேன், சட்டையில நடுப் பட்டன் ரெண்டுக்கும் நடுவுல துணி வாயைப் பொளந்துட்டு நிக்குது. டேப்பை எடுத்துத் தொப்புளைச் சுத்தி அளந்து பாரு. நம்ம ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டர் தாண்டினாலே எச்சரிக்கை, உன் கண்ணாடியைக் கேக்காத. ஐ.சி.எம்.ஆர் ஆராய்ச்சியில 2023ல வந்த கணக்குப்படி நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சக்கரை, இன்னும் 13 கோடிக்கு மேல அதுக்கு முந்தின படியில நிக்கறாங்க. உனக்கு அம்மாவுக்கும் சக்கரை, அப்பாவுக்கும் சக்கரை. உங்கப்பாவுக்குக் கால் விரலை எடுத்தப்ப நீ பிளஸ் டூ, டிரெஸ்ஸிங் மாத்தறப்ப நீதான் டெட்டால் தட்டைப் பிடிச்சிட்டு நின்ன. அதுக்கு மேல நான் எழுத வேண்டியதில்ல.

வெறும் வயித்துல ஒண்ணு, எச்.பி.ஏ1சி ஒண்ணு, ரெண்டையும் எடு. வெறும் வயித்துல 100க்குக் கீழயும், எச்.பி.ஏ1சி 5.7க்குக் கீழயும் இருந்தா, எனக்கு போன் போட்டு எவ்வளவு வேணும்னாலும் கத்து, கேட்டுக்கறேன். தாண்டி இருந்தா டாக்டரைப் பாரு. நடையா, மாத்திரையா, இந்த ஊசியான்னு அவர் சொல்லட்டும். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து வாட்ஸப்ல போடு, எழுத்து தெரியற மாதிரி எடு.

அம்மா

பி.கு: பையன் திரும்பி வர்றப்ப பேரீச்சம்பழ டப்பா கொடுத்து அனுப்பாத. ஏதாவது அனுப்பியே ஆகணும்னா, பேனாவை வெளியூருக்கு எடுத்துட்டுப் போற ஜில்லுப் பை அங்க கெடைக்குமான்னு பாரு. ஆடியில உன் மாமா வீட்டுக்கு நெல்லூர் போகணும்.