நான்காவது கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு முதல் பக்கத்தில் ‘இவனுக்கு என்ன தண்டனை? நீங்களே சொல்லுங்கள்!’ என்று கட்டம் கட்டியிருந்தீர்கள். தூக்கு, சாகும்வரை சிறை, பத்தாண்டு சிறை என்று மூன்று பதில்கள். மறுநாளே ‘மக்கள் தீர்ப்பு: தூக்கு’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. ஆள் கைதாகி ஐந்து நாள்தான் ஆகிறது, குற்றப்பத்திரிகைகூட இன்னும் தாக்கலாகவில்லை. பரவாயில்லை, நீதிமன்றச் சாவியை உங்கள் அலுவலகத்திலேயே ஒப்படைத்துவிடலாம்.

இங்கிலாந்தில் நடந்தது தாங்கள் அறியாததல்ல. 1993-ல் இரண்டு வயதுக் குழந்தையைப் பத்து வயதுச் சிறுவர்கள் இருவர் கொன்றார்கள். குறைந்தது 8 ஆண்டு என்றார் விசாரித்த நீதிபதி, 10 என்றார் தலைமை நீதிபதி. ‘சாகும்வரை சிறையில் வையுங்கள்’ என்று அமைச்சருக்கு அனுப்ப ‘தி சன்’ நாளிதழ் கூப்பன் அச்சிட்டது. வாசகர்கள் வெட்டி அனுப்பியவை மட்டும் 20 ஆயிரத்துக்கு மேல். உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்ட் 15 ஆண்டாக்கினார். கூப்பனைப் பார்த்துத் தண்டனை தருவதா என்று 1997-ல், அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. உங்கள் கட்டத்தில் கத்தரிக்கோல் படம் ஒன்றுதான் குறை.

நம் நாட்டில் ரத்து செய்யவும் ஆளில்லை. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி வர்மா குழு சுமார் 80 ஆயிரம் கருத்துகளைப் பெற்று, 29 நாளில் அறிக்கை கொடுத்தது. பாலியல் வன்கொடுமைக்குத் தூக்கு வேண்டாம் என்றது. அடுத்த இரு வாரத்துக்குள் வந்த 2013 அவசரச் சட்டத்தில் சில குற்றங்களுக்குத் தூக்கு இருந்தது. 2018-ல் 12 வயதுக்குட்பட்ட சிறுமிகளின் வழக்கிலும் அது வந்தது. ‘இனி குலைநடுங்கும்’ என்று தலையங்கம் எழுதினீர்கள்.

யாருக்கு நடுங்கியது என்று நான் பார்த்தேன். 28 வருடம் நீதிமன்றத்தில் நீதிபதிக்கு முன்னால் உட்கார்ந்து கேஸ் கட்டுகளைப் பார்க்கும் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவன் நான். அப்படியொரு வழக்கில் புகார் கொடுத்ததே சிறுமியின் பாட்டிதான். குற்றம் சாட்டப்பட்டவன் அந்த அம்மாளின் இளைய மகன். சாட்சி சொல்ல வந்த அன்று காலை, வராந்தாவில் என்னை நிறுத்தி, நான்காக மடித்த பேப்பரை நீட்டினார். உங்கள் பேப்பர்தான். “தூக்குலயா போடுவாங்க சாமி? நாலு வருசம் உள்ள போட்டாப் போதும்னுதான நான் சொன்னேன்” என்றார். நான் என்ன சொல்ல முடியும்? கூண்டில் ஏறி, “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, போலீஸ்ல கையெழுத்துக் கேட்டாங்க” என்றார். பிறழ் சாட்சி. ஆள் விடுதலை. அந்தப் பிள்ளை எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனது என்று கேட்க அன்று உங்கள் நிருபர் வரவில்லை. இத்தகைய வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் தெரிந்த ஆள்தான் என்பது ஆண்டுதோறும் அரசுக் கணக்கில் வருகிறது. நீங்களும் போடுகிறீர்கள், உள்பக்கத்தில்.

நிருபர் வராதது புதிதல்ல. கைதுக்கு நாலு பத்தி, படத்தோடு. விடுதலையானால் ஒன்றுமில்லை. வழக்கு முடியும் முன்பே ‘குற்றவாளி’, ‘அவன்’. இதைப் பற்றி இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்றைப் போடவில்லை. இன்னொன்றில் எழுத்துநடையைப் பாராட்டிய வரியை மட்டும் போட்டீர்கள். மிக்க நன்றி.

மக்கள் கொடூரமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. கனடாவில் டூப், ராபர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே வழக்கைச் சிலருக்குப் பத்திரிகைச் செய்தியாகவும், சிலருக்கு நீதிமன்ற ஆவணச் சுருக்கமாகவும் படிக்கக் கொடுத்தார்கள். தண்டனை போதாது என்று அதிகம் கொதித்தவர்கள் பத்திரிகை படித்தவர்கள். கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் கோபம் இறங்கும். சில நாள் ஏறியும் இருக்கிறது, அது வேறு.

கட்டம் போடாதீர்கள் என்று கேட்க நான் யார்? அடுத்த முறை போடும்போது நான்காவதாக ‘வழக்கு விவரம் எனக்குத் தெரியாது’ என்று ஒரு பதிலையும் சேருங்கள். இடமில்லை என்றால் எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பெஞ்ச் கிளார்க்

(பெயர் வெளியிட வேண்டாம். கட்டத்தில் தூக்குப் போட்டவர்களும் பெயர் சொல்லவில்லை.)