கல்யாணிக்கு, கடையிலிருந்து

நங்கநல்லூர்,
18 மே 2025

அன்புள்ள கல்யாணி,

உன் அப்பாவின் காரியத்துக்கு நான் வரவில்லை. இதை விட்டுவிட்டு வேறு எதைச் சொல்லித் தொடங்கவும் மனசு வரவில்லை. பதின்மூன்றாம் நாளைக்குக் கும்பகோணம் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் என் காப்பித்தூள் கடைக்கு வறுவல் மிஷின் வந்தது. லாரியிலிருந்து இறக்கும்போது டிரம்மின் அச்சு வளைந்துவிட்டது. மெக்கானிக் மறுநாள் காலையில்தான் வருவேன் என்றார். நான் இங்கேயே இருந்துவிட்டேன். போனிலும் உன்னிடம் சரியாகப் பேசவில்லை. ஐந்து மாதமாக அது நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது. திட்ட வேண்டுமானால் திட்டு, நான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அவருக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது. பிரியா பத்தாவது எழுதி முடித்துவிட்டாள். மெஸ் மாமி போன வாரம் கடைக்கே வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, "அந்த இரண்டாம் டிகாக்‌ஷன் எப்படி இருக்கிறாள்?" என்று உன்னைத்தான் விசாரித்தார். நீ பேங்க்கில் சீனியர் மேனேஜர் என்று சொன்னேன். அவர் நம்பவே இல்லை. அடுத்தவர் டம்ளரைக் காலி பண்ணின பெண்ணிடமா கஜானா சாவியைக் கொடுத்தார்கள் என்று கேட்டார்.

சரி, கடைக்கு வருகிறேன். தையில் ஷட்டரைத் தூக்கினேன். அதற்கு முன்னால் மூன்று மாதம் தெருவைப் பார்ப்பதே என் வேலை. இரண்டு இடம் அமைந்தது. ஒன்று மெயின் ரோட்டில், வாடகை 26,000. இன்னொன்று பழவந்தாங்கல் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற தெருவில், 120 சதுர அடி, வாடகை 12,000, பத்து மாத அட்வான்ஸ். காலையிலும் சாயங்காலத்திலும் எதிர்ப் பெட்டிக்கடை வாசலில் நின்று போகிற வருகிற ஆட்களை எண்ணினேன். காலையில் ரயிலுக்கு ஓடுகிறவர் யாரும் காப்பித்தூள் வாங்க நிற்பதில்லை. வாங்குவதெல்லாம் திரும்பி வரும்போதுதான், அதுவும் வண்டியை ஓரம் கட்டத் தோதாக இடது கைப் பக்கம் இருந்தால்தான். எதிர்ப்பக்கம் இருந்தால் ரோட்டைக் கடந்து வரச் சோம்பல்படுகிறார்கள். அதனால்தான் சின்ன இடத்தை எடுத்தேன். சனிக்கிழமைகளில் ஆஞ்சநேயர் கோயிலுக்கு வருகிற கூட்டமும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புகிறது. பெருமழை பெய்து சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் மட்டும் அன்றைய வியாபாரம் போயிற்று.

உணவுப் பாதுகாப்புப் பதிவு சுலபம். நான் பதிந்தபோது, வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சத்துக்குள் விற்கிறவருக்கு நூறு ரூபாய்தான் கட்டணமாக இருந்தது. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போட வேண்டும். கரண்ட் கமர்ஷியல் கணக்கு, அரவை மோட்டாருக்காக மூன்று பேஸ் இழுத்தேன். போர்டில் ஆங்கிலம் பெரிதாக வேண்டும் என்று பிரியா அடம்பிடித்தாள். தமிழ் ஐந்து பங்கு என்றால் ஆங்கிலம் மூன்று பங்குதான் இருக்கலாம், விதி அப்படி என்று பெயின்டரே சொல்லிவிட்டார். தமிழ் எழுத்து எவ்வளவு அழகாக வந்திருக்கிறது தெரியுமா! மாடி வீட்டம்மா மட்டும் வறுவல் புகைக்கு முதல் வாரமே சண்டைக்கு வந்தார். அவர் சொன்னது நியாயம்தான். புகைக்குழாயை மொட்டை மாடிக்கு மேலே ஏற்றினேன், 14,000 செலவு. இப்போது அவரே வாசனையைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து நூறு கிராம் வாங்கிப் போகிறார்.

வறுக்கும்போதெல்லாம் அப்பா ஞாபகம்தான். உங்கள் வீட்டுக் கொல்லையில் கரி அடுப்பு மேல் அந்தக் கை உருளையைச் சுற்றிக்கொண்டே, "கண்ணால் பார்க்காதே, காதால் கேள்" என்பாரே. கொட்டை பட்பட்டென்று வெடிக்க ஆரம்பிக்கும், அந்தச் சத்தம் அடங்கினபிறகு இன்னும் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். என் மிஷினில் வெப்பமானி இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் இறக்குவது காதால் கேட்டுத்தான்.

இப்போது என் கவலையைச் சொல்கிறேன். பேங்க்காரியாகவும் கேள், அப்பாவின் பெண்ணாகவும் கேள்.

தையில் பச்சைக்கொட்டை கிலோ 480 என்று பேசி வாங்கினேன். மாசி முடிவதற்குள் 570. வியட்நாமில் வறட்சி, பிரேசிலில் மழையில்லை. பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா பவுண்டுக்கு நாலு டாலரைத் தாண்டியது. கொட்டை சிக்மகளூரில் விளைந்தாலும் விலையை அங்கேதான் முடிவு செய்கிறார்கள். அப்புறம், ஒரு கிலோ பச்சைக்கொட்டையை வறுத்தால் ஈரம் போய் 830 கிராம்தான் மிஞ்சும். ஆக 90 ரூபாய் ஏற்றம் தூளில் 108 ரூபாயாக வந்து விடிகிறது. மாதம் 90 கிலோ விற்கிறேன், சிக்கரி போக அதில் காப்பி 72 கிலோ. மாதத்துக்கு 7,776 ரூபாய் கையை விட்டுப் போகிறது. நீ சொல்லி வாங்கின, சிறு தொழிலுக்கான முத்ரா கடன் நாலு லட்சத்துக்குத் தவணை 8,700. கணக்கு உனக்கே புரியும்.

பச்சைக்கொட்டை தருகிற மூட்டைக்காரர் நல்ல மனுஷர். அவர் எனக்கு ஒரு வழி சொன்னார். "காப்பி எண்பது, சிக்கரி இருபதுங்கறதை அறுபது நாற்பது ஆக்குங்கம்மா. டிகாக்‌ஷன் இன்னும் கறுப்பா, கெட்டியா இறங்கும். ஜனங்க உங்களைப் பாராட்டுவாங்க." அவர் சொல்வது பொய் இல்லை. சிக்கரி அப்படித்தான் நிறம் கொடுக்கும். சட்டத்திலும் தப்பில்லை. காப்பி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்து, சிக்கரி எவ்வளவு என்று பாக்கெட்டில் அச்சடித்தால் போதும். எத்தனை பேர் அந்தப் பொடி எழுத்தைப் படிக்கிறார்கள்?

இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மாத்தினால் என் கடை பிழைக்கும், ஒருவருக்கும் தெரியாது. ஆனால் எட்டாவது குறுக்குத் தெருவிலிருந்து ஒரு பெரியவர் வருகிறார், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். வாரம் 250 கிராம். பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில், மனைவி இல்லை. "நாள் முழுக்க நான் எதிர்பார்த்து உட்காருகிற விஷயம் இந்த ஒரு டம்ளர்தான் அம்மா" என்று ஒரு நாள் சொன்னார். அவர் டம்ளரில் அவருக்குத் தெரியாமல் நான் கை வைப்பதா?

விலையை ஏற்றினேன். வாசலில் ஒரு சிலேட் மாட்டி, பச்சைக்கொட்டை இன்றைக்கு என்ன விலை, தூள் என்ன விலை, கலவை என்ன என்று தினமும் சாக்பீஸால் எழுதுகிறேன். வாடிக்கை அறுபது பேரில் பதினாலு பேர் இப்போது வருவதில்லை. அதில் இரண்டு பேர் என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கமாக நடந்து போகிறார்கள், அதுதான் ரொம்ப வலிக்கிறது. அரைக் கிலோக்காரர்கள் கால் கிலோவுக்கு இறங்கிவிட்டார்கள். பெரியவர் சிலேட்டைப் படித்துவிட்டு 200 கிராம் கேட்டார். "அளவு குறைத்துக்கொள்கிறேன், கலவையை மாத்திவிடாதீங்க" என்றார். நான் செய்தது சரி என்று அன்றைக்குத் தோன்றியது. ராத்திரி கல்லாவை எண்ணும்போது மறுபடியும் சந்தேகம்.

இப்போது அவசரமாக ஒரு கேள்வி. வெள்ளிக்கிழமைக்குள் ரொக்கம் கொடுத்தால் இரண்டு மூட்டை, நூறு கிலோ, இதே 570க்குத் தருவதாக மூட்டைக்காரர் சொல்கிறார். 57,000 ஆகும். என்னிடம் இருப்பது, தொடவே கூடாது என்று நீ சொன்ன ஆறு மாத வாடகைப் பணம் 72,000 மட்டும்தான். பிரேசிலில் இப்போதுதான் அறுவடை தொடங்கியிருக்கிறது, விலை இறங்கினாலும் இறங்கும். நம் ஊர் அறுவடைக்குக் கார்த்திகை வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் இன்னும் ஏறினால் நான் என்ன செய்வேன்? வாங்கவா, வேண்டாமா? நீ யோசித்துச் சொல். வீட்டில் அவரிடம் கேட்டால் "உன் இஷ்டம்" என்கிறார். அந்தப் பதில் எனக்கு உதவவில்லை.

இதோடு அரைக் கிலோ பார்சல் அனுப்புகிறேன். அப்பாவின் கணக்கு, பாதி பிளான்டேஷன் ஏ ரகக் கொட்டை, பாதி பீபெரி என்கிற உருண்டைக் கொட்டை, சிக்கரி கிடையாது. நேற்று வறுத்து, சூடு ஆறின பிறகு அரைத்தது. முதல் டம்ளர் அம்மாவுக்குக் கொடு. ஒன்றும் சொல்லாமல் கொடு. குடித்துவிட்டு அவர் என்ன சொன்னார் என்று அப்படியே எனக்குச் சொல். வறுவல் ஒரு சொட்டு அதிகம் என்றால் அதையும் சொல்.

மூட்டை விஷயம் வியாழக்கிழமை ராத்திரிக்குள் தெரிய வேண்டும். ஒன்பது மணிக்குக் கடை சாத்துகிறேன், அதற்கு மேல் கூப்பிடு.

உன்,
வசந்தா