அனுமதி கிடைக்காத இரவுக்குச் சம்பளம் யார் கொடுப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

திருவிழாக் கலைநிகழ்ச்சிகளுக்குப் போலீஸ் அனுமதி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். விழாக் கமிட்டி சொல்வது, காவல்துறை சொல்வது, ஹைகோர்ட் மதுரைக் கிளை போடும் நிபந்தனைகள் எல்லாம் இருக்கின்றன. மேடை ஏறுகிறவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. எங்கள் வீட்டுக்கு ரெண்டு தலைமுறையாக நாடகம்தான் சோறு போடுகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் தை, மாசியிலேயே கமிட்டிக்காரர்கள் வந்து தேதி கேட்டு, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார்கள். ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு (மற்ற தாளக் கருவிகள் வாசிப்பவர்) என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சம்பளம். டைரியில் தேதி ஏறிவிட்டால் அப்புறம் யார் வந்து எவ்வளவு கூடக் கொடுக்கிறேன் என்றாலும் இல்லைதான். பங்குனியிலிருந்து ஆடி வரை ஓடினால்தான் மழை மாதங்களில் அடுப்பு எரியும்.

ஆனால் ஸ்டேஷனில் மனு கொடுப்பதோ விழா நெருங்கிய பிறகு. ஊருக்குள் ரெண்டு தரப்புக்கும் ஆகாது, போன வருஷம் அடிதடி, பந்தோபஸ்துக்கு ஆள் இல்லை, ஏதோ ஒரு காரணத்தில் மனு நிற்கும். கோர்ட்டுக்குப் போய் ஆர்டர் வாங்க வசதியுள்ள ஊர் வாங்கிவிடும். மற்ற ஊர்களிலிருந்து முதல் நாள் சாயந்திரம் போன் வரும், "அண்ணே, வண்டி எடுக்க வேண்டாம்" என்று. அட்வான்ஸையும் திருப்பிக் கேட்பார்கள். எழுத்தில் எதுவும் இல்லாத நிலையில், செய்ய வேண்டிய காரியம் சட்டப்படி முடியாமல் போனால் ஒப்பந்தம் செல்லாது, வாங்கியதைத் திருப்பிக் கொடு என்று 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 56, 65ஆம் பிரிவுகளைக் காட்டி அவர்கள் வாதாட இடம் இருக்கிறது. அந்தத் தேதிக்காக நாங்கள் வேண்டாம் என்று அனுப்பிய ஊரை எந்தப் பிரிவில் தேடுவது?

பத்து மணிச் சங்கதி இன்னொன்று. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் மைக் கூடாது. விழா நாட்களில் மாநில அரசு 12 மணி வரை விடலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் இல்லை. நாடகமோ பத்து மணிக்கு மேல்தான் தொடங்கி விடிய விடிய நடக்கும். விதி தப்பு என்று சொல்ல மாட்டேன், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் நோயாளியும் எல்லா ஊரிலும் உண்டு. பத்து மணி வரைதான் என்று அனுமதித் தாளில் இருப்பதை மறைத்து, விடியும் வரை ஆட வேண்டும் என்று எங்களிடம் பேசி முடிக்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன். நடுராத்திரி போலீஸ் வந்து நிறுத்தினால் பாதி நாடகத்துக்குப் பாதிச் சம்பளம்.

நாடகக் கதையை முன்கூட்டியே காட்டி அனுமதி வாங்கச் சொன்ன 1954ஆம் வருஷத்துச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று, எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி போட்ட வழக்கில் 2013இல் சென்னை ஹைகோர்ட் சொல்லிவிட்டது. நல்ல தீர்ப்பு. கிராமத்து மேடைக்கு அதனால் பெரிதாக எதுவும் மாறவில்லை, இன்ஸ்பெக்டர் கையெழுத்துதான் இங்கே எல்லாம்.

நான் கேட்பது அதிகம் இல்லை. கமிட்டி ஒரு மாதம் முன்னால் மனு கொடுக்கட்டும், போலீஸ் ரெண்டு வாரம் முன்னால் ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் சொல்லட்டும். அதற்குப் பிறகு ரத்தானால் பாதிச் சம்பளம், ஆரம்பித்து நிறுத்தினால் முழுச் சம்பளம் என்று அட்வான்ஸ் வாங்கும்போதே நாலு வரி எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நம் ஆட்களும் கேட்பதில்லை, கேட்டால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். தனி ஆளாகக் கேட்க முடியாததால்தான் இதை நாடக நடிகர் சங்கங்கள் செய்ய வேண்டும் என்கிறேன். நடிகர்கள் படம் போட்டுக் காலண்டர் அடிக்கிறார்கள் அல்லவா, அதோடு இந்த ஒப்பந்தப் படிவத்தையும் அடித்துக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு நாடகக் குடும்பத்து வாசகர்,
புதுக்கோட்டை மாவட்டம்